கொள்ளுத் தாத்தாவின் கடியாரம்

தருமபுரியில் நாம் உபாத்தியாயராக இருக்கும் பள்ளிக்கூடத்தில், சென்ற ஆவணி மாதம் ஒரு நாள் மாலை, கடைசி மணி அடித்த பிறகு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நம் மேஜையருகில் வந்து நின்றாள். கையில் ஒரு கைக்குட்டை முடிச்சு இருந்தது. அதை மெல்ல அவிழ்த்தாள். உள்ளே கறுத்துப்போன வெள்ளிக் கடியாரம் ஒன்று. சங்கிலி கோத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்களே, அந்தக் காலத்துக் கடியாரம். பீங்கான் முகப்பில் மயிரிழைபோல் ஒரு விரிசல் ஓடியிருந்தது. முட்கள் இரண்டும் பத்து மணி இருபது நிமிஷத்தில் நின்று போயிருந்தன.

"எங்கள் கொள்ளுத் தாத்தாவுடையது, சார். அப்பா இதை வெள்ளிக் கடையில் நிறுத்துப் போடப் போகிறார். உருக்கிவிடுவார்களாம். அதற்கு முன்னால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் படித்துச் சொல்லுங்கள்" என்றாள்.

பின்மூடியைத் திறந்தோம். அதற்குள் இன்னொரு மூடி. அந்த மூடியில் வளைந்து வளைந்து அழகான எழுத்துக்கள் செதுக்கப்பட்டிருந்தன. எழுத்து ஆங்கில எழுத்துத்தான். பாஷை மட்டும் ஆங்கிலம் அல்ல. சர்வகலாசாலைப் பட்டம் பெற்றவர் என்ற பெருமை நமக்கு உண்டு. அந்தப் பெருமை அன்று ஒரு காசுக்கும் பயன்படவில்லை. "அப்பாவை ஒரு வாரம் பொறுக்கச் சொல், அம்மா" என்று சொல்லிக் கடியாரத்தை வாங்கிக்கொண்டோம்.

நம் ஊர்க் கடைத்தெருவில் கடியாரம் ரிப்பேர் செய்யும் முதியவர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் "பாய்" தான். எழுபது வயதுக்கு மேலாகிறது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு முக்காலி, கண்ணில் செருகிக்கொள்ளும் பூதக் கண்ணாடி ஒன்று, இடுக்கிகள், பழைய சிகரெட் டப்பாக்களில் அடைத்த திருகாணிகள். இவ்வளவுதான் அவருடைய தொழிற்சாலை. கடியாரத்தை வாங்கிப் பார்த்தவர் நாம் வாய் திறப்பதற்கு முன்பே படிக்கத் தொடங்கிவிட்டார்.

"இது பிரெஞ்சு, வாத்தியார் ஐயா. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. இந்த எழுத்து மட்டும் தெரியும். என் வாப்பா சொல்லிக் கொடுத்தார். 'ஆங்க்ர்' என்று போட்டிருந்தால் லீவர் வாச்சு. 'ஸ்பிரால் பிரெகே' என்றால் ஹேர் ஸ்பிரிங் மேலே ஒரு சுற்றுத் தூக்கி வளைத்திருக்கும். '15 ருபி' என்றால் பதினைந்து கல். இதோ இந்தக் குட்டிக் கரடி மூன்றும் ஸ்விட்ஜர்லாந்து முத்திரை. ஆயிரத்தில் 935 பங்கு சுத்த வெள்ளி. நல்ல சரக்கு."

பிறகு வெளி மூடியின் உட்புறத்தை வெளிச்சத்திற்குத் திருப்பிக் காட்டினார். நாம் கவனிக்காத கீறல்கள் சில அங்கே இருந்தன. ஒன்று தேய்ந்துபோன இரண்டு ஆங்கில எழுத்து. ஒன்று மீன்போன்ற ஒரு குறி. மூன்றாவது தமிழ் எண்: ௧௯௩௧.

"ரிப்பேர் செய்தவன் போடுகிற கீறல்" என்றார் பாய். "மறுபடி வந்தால் நம் கை பட்ட கடியாரமா என்று தெரிய வேண்டும் அல்லவா?"

அந்த மூன்று கீறல்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அவற்றினிடம் வந்து சேருவதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

சாவி இல்லாத சாவி

கடியாரத்திற்குச் "சாவி கொடுப்பது" என்று சொல்கிறோம். தலையிலுள்ள குமிழைத் திருகுவதற்கும் சாவிக்கும் என்ன சம்பந்தம்? ஒரு காலத்தில் உண்மையாகவே சாவி இருந்தது. பின்மூடியைத் திறந்து, அதிலுள்ள துவாரத்தில் சிறு சாவியை நுழைத்துத் திருக வேண்டும். சாவி தொலைந்தால் கடியாரமும் ஊமையாகிவிடும். 1840-களில் அத்ரியன் பிலிப் என்ற பிரெஞ்சுக்காரர் குமிழைக் கொண்டே முறுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். சாவி போயிற்று, நம் தமிழில் மட்டும் சாவி இன்னும் இருக்கிறது.

முறுக்கியபின் உள்ளே நடப்பது என்ன? கடியாரத்திற்கு வேண்டியவை மூன்று: ஒரு பலம், அந்தப் பலத்தைத் தடுத்துத் தடுத்து விடுகிற ஒரு காவற்காரன், காவற்காரனுக்குத் தாளம் சொல்ல ஒருவன்.

பலம், சிறு டப்பிக்குள் சுருண்டு கிடக்கும் எஃகு நாடாவில் இருக்கிறது. அதைத் தடையின்றி விட்டால் சில விநாடிகளில் அவிழ்ந்து தீர்ந்துவிடும். ஆகையால் கடைசிச் சக்கரத்தின் பற்களை நங்கூரம்போன்ற ஒரு சிறு கவை பிடித்துப் பிடித்து விடுகிறது. ஒரு பல் போனவுடன் அடுத்த பல்லைப் பிடித்துக்கொள்கிறது. "ஆங்க்ர்" என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நங்கூரம் என்றே பொருள். லண்டனில் தாமஸ் மட்ஜ் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கண்ட உபாயம் இது. நாம் காதில் வைத்துக் கேட்கும் "டிக் டிக்" எல்லாம் இந்த நங்கூரம் பல்லில் மோதும் ஓசைதான்.

தாளம் சொல்லுகிறவன் பாலன்ஸ் சக்கரம். மயிரிழைபோன்ற சுருள் ஒன்று அதை இப்புறமும் அப்புறமும் ஆட்டிக்கொண்டே இருக்கும். 1675-ல் ஹாலந்து தேசத்து ஹைகன்ஸ் இந்தச் சுருளைப் பொருத்திக் காட்டியதற்கு முன்பு, கடியாரத்தை நம்பி ஒருவரும் ரயிலுக்குப் போயிருக்க முடியாது. ரயிலும் அப்போது இல்லை என்பது வேறு விஷயம். நம் மாணவி கொண்டுவந்த கடியாரத்தில் அந்தச் சக்கரம் விநாடிக்கு ஐந்து முறை ஆடும். நாள் ஒன்றுக்கு 4,32,000 ஆட்டம். ஒரு வருஷத்திற்குப் பதினைந்து கோடிக்கு மேல் ஆகிறது. எந்த மிருதங்க வித்வானும் இவ்வளவு காலம் தாளம் தப்பாமல் வாசித்ததில்லை.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. சித்திரை வெயிலில் சுருள் தளர்ந்து கடியாரம் மெதுவாகும். மார்கழிக் குளிரில் விறைத்து வேகமாகும். இதற்காகச் சக்கரத்தின் விளிம்பை உள்ளே எஃகும் வெளியே பித்தளையுமாக ஒட்டிச் செய்து, இரண்டு இடத்தில் வெட்டி விட்டார்கள். உஷ்ணத்தில் பித்தளை அதிகமாக நீளுவதால் விளிம்பின் நுனிகள் உட்புறமாக வளையும். சக்கரம் சுருங்கி வேகம் எடுக்கும். சுருளின் சோம்பலுக்கு அது ஈடாகிவிடும். ஒரு காசு அகலமுள்ள சக்கரத்துக்குள் இவ்வளவு யோசனை!

அந்தப் பதினைந்து கல்லைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மாணவியின் பாட்டி, "பதினைந்து மாணிக்கம் உள்ளே இருக்கிறதாமே!" என்று பூரித்துப் போனாராம். பாவம்! அந்தக் கற்கள் கடுகினும் சிறியவை. விலைக்காக வைத்தவை அல்ல. சக்கரங்களின் ஊசி முனைகள் உலோகத்தில் சுழன்றால் தேய்ந்துவிடும் என்பதற்காக, கடினமான கல்லில் துளையிட்டு அவற்றை ஊன்றியிருக்கிறார்கள். கல்லில் இப்படித் துளையிடும் வித்தைக்கு 1704-ல் லண்டனில் உரிமைப் பத்திரம் வாங்கப்பட்டது. 1902-ல் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையைப் பிரான்சில் வெர்னாய் வெளியிட்டபின், கடியாரக் கல்லின் விலை மேலும் சரிந்தது. எனவே, கல்லுக்கு ஆசைப்பட்டு எந்தப் பாட்டியும் கடியாரத்தை உடைக்க வேண்டாம்!

பனிமலைக் குடியானவர்கள்

இத்தகைய யந்திரத்தைச் செய்தவர்கள் யார்? ஸ்விட்ஜர்லாந்தில் ஜூரா என்று ஒரு மலைத்தொடர் உண்டு. கல்லும் பனியும் நிறைந்த ஏழைப் பூமி. குளிர்காலத்தில் மாதக் கணக்கில் நிலமெல்லாம் பனி மூடிக் கிடக்கும். குடியானவனுக்கு வேலை இல்லை. அந்த மாதங்களில் அவன் ஜன்னலோரம் மேஜை போட்டுக்கொண்டு கடியார உறுப்புகளை அராவினான். ஒரு வீட்டில் சக்கரம், அடுத்த வீட்டில் திருகாணி, மூன்றாம் வீட்டில் முள். வியாபாரி ஒருவன் இவற்றையெல்லாம் வாங்கிச் சேர்த்துக் கடியாரமாக்கி விற்றான்.

தருமபுரிச் சீமையில் வாழ்கிற நமக்கு இந்தச் சித்திரம் அந்நியமானதல்ல. இங்கும் புன்செய் நிலந்தான் அதிகம். மழை பொய்த்தால் கேழ்வரகும் சாமையும் பொய்க்கும். ஜனங்கள் வேலை தேடி வெளியூர் செல்வார்கள். அங்கே பனி, இங்கே வெயில். வெறுங்கை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றே.

இங்கிலாந்திலும் கடியாரத் தொழில் வீடுவீடாகவே நடந்தது. லங்காஷயரில் பிரெஸ்காட் என்ற ஊரில் யந்திரங்களின் உருவைச் செய்தார்கள். லண்டனிலும் கவென்ட்ரியிலும் அவற்றை முடித்தார்கள். பழைய கைத்தொழிலின் மகிமையைப் பேசுகிறபோது அதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அக்காலத்து ஆங்கிலக் கடியாரங்களில் சைக்கிள் சங்கிலிபோன்ற ஒரு சின்னஞ் சிறு சங்கிலி இருக்கும். குதிரைவாலின் மயிரைவிடச் சற்றே பருத்தது. நூற்றுக்கணக்கான கண்ணிகள் கொண்டது. கிரைஸ்ட்சர்ச் என்ற கடற்கரை ஊரில் பெண்களும் சிறுமிகளும், அநாதை விடுதிக் குழந்தைகளும் அதைக் கோத்தார்கள். கண் பார்வையைக் காணிக்கையாக வைத்த தொழில் அது. கனவான்களின் சட்டைப்பையில் மின்னிய அழகுக்கு அந்தக் குழந்தைகளின் கண்களும் விலையாயின.

அமெரிக்க யந்திரம்

1850-களில் அமெரிக்காவில் ஆரன் டென்னிசன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் புதிய வழி ஒன்றைப் பிடித்தார்கள். துப்பாக்கித் தொழிற்சாலையில் ஒரு துப்பாக்கியின் உறுப்பு இன்னொன்றுக்குப் பொருந்தும்படி யந்திரத்தால் செய்கிறார்களே, கடியாரத்தையும் அப்படிச் செய்தால் என்ன? 1854-ல் வால்தாம் என்ற ஊரில் ஆலை எழுந்தது. கையால் அராவிய உறுப்பு அதன் சொந்தக் கடியாரத்துக்கு மட்டுமே பொருந்தும். வால்தாம் ஆலையின் உறுப்பு அதே வகைக் கடியாரம் எதற்கும் பொருந்தும்.

1876-ல் பிலடெல்பியா நகரில் பெரிய கண்காட்சி நடந்தது. ஸ்விட்ஜர்லாந்திலிருந்து வந்திருந்த எத்வார்த் ஃபாவ்ர்-பெரே என்பவர் ஒரு வால்தாம் கடியாரத்தை ஊருக்கு எடுத்துச் சென்று, கைதேர்ந்த நிபுணர் ஒருவரிடம் சோதிக்கக் கொடுத்தார். நம் தேசத்துக் கடியாரங்கள் ஐம்பதினாயிரத்தில் இப்படி ஒன்று அகப்படாது என்று அந்த நிபுணர் திகைத்தாராம். ஃபாவ்ர்-பெரே தம் ஜனங்களிடம் இந்தச் செய்தியை ஒளிக்காமல் சொன்னார். ஸ்விட்ஜர்லாந்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, யந்திரங்களைக் கற்றுக்கொண்டார்கள். கை வேலையின் பெருமையையே பேசிக்கொண்டிருந்த இங்கிலாந்தின் தொழில் தேய்ந்தது. கவென்ட்ரிக் கைவினைஞர் பலர் சைக்கிள் செய்யப் போனார்கள். நம் நெசவாளியின் தறியை யந்திரத்தால் முடக்கிய தேசம், கடியாரத்தில் தானே யந்திரத்தால் முடங்கியது.

கடியாரம் கனவானின் சொத்தாக இருந்த காலமும் இதோடு முடிந்தது. 1867-ல் ராஸ்காப் என்பவர் ஐம்பத்தேழே உறுப்புகளில், தொழிலாளி வாங்கக்கூடிய இருபது பிராங்கு விலையில் ஒரு கடியாரம் செய்தார். 1896-ல் அமெரிக்காவின் இங்கர்சால் கம்பெனி ஒரு டாலருக்கே கடியாரம் விற்றது. காந்தி மகான் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்த கடியாரம் அந்த இங்கர்சால் வகைதான்.

ஒன்பது நிமிஷ வித்தியாசம்

நமக்குக் காலக் கணக்கு புதியதல்ல. முல்லைப்பாட்டில் வரும் பாசறையில் நாழிகை வட்டிலைப் பார்த்து நேரம் சொல்லுகிறவர்கள் உண்டு. பகலும் இரவும் சேர்ந்து அறுபது நாழிகை; நாழிகைக்கு இருபத்து நான்கு நிமிஷம். உழவுக்கும் முகூர்த்தத்திற்கும் அது போதும். நிமிஷத்தை நம் வாசலுக்குக் கொண்டுவந்தது ரயில்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் வானிலைக் கூடம் ஒன்று கட்டி முடிந்தது. அதே வருஷத்தில்தான் திப்பு சுல்தானிடமிருந்து நம் பாரமஹால் சீமை கும்பினியார் கைக்குப் போயிற்று. அந்தக் கூடத்து நட்சத்திரக் கணக்கிலிருந்து பிறந்தது "மதராஸ் நேரம்." கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியா முழுவதிலும் ரயில்கள் இந்த நேரப்படியே ஓடின. மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்டு சன்ஸ் கடையில் கடியாரம் வாங்குவது சென்னைப் பெரிய மனிதருக்குக் கௌரவமாக இருந்தது. 1906 ஜனவரி முதல் தேதி இந்தியப் பொது நேரம் வந்தது. சென்னைக் கடியாரங்களை ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் முன்னே தள்ளினார்கள். கல்கத்தாக்காரர்கள் 1948 வரையிலும் பம்பாய்க்காரர்கள் 1955 வரையிலும் தங்கள் ஊர் நேரத்தையும் கைவிடாமல் வைத்திருந்தது தனிக் கதை.

அந்த 1906-ஆம் வருஷத்திலேயே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குச் சின்ன ரயில் வந்தது. இரண்டரை அடி அகலப் பாதை. 1913-ல் அது ஓசூர் வரையில் நீண்டது. நம் மாணவியின் கொள்ளுத் தாத்தா அந்தப் பாதையில் ஒரு சிறு ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். கடியாரத்தை அவர் பழையதாக வாங்கினாராம். எவ்வளவு கொடுத்தார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மூன்று மாதச் சம்பளம் என்று பாட்டி சொல்கிறார்.

மூன்று மாதச் சம்பளம் ஏன்? ஒற்றைப் பாதையில் எதிரெதிராக இரண்டு வண்டி வருகிறதென்று வைத்துக்கொள்வோம். ஒன்று ஒதுங்கி நின்றால்தான் மற்றொன்று போகலாம். 1891-ல் அமெரிக்காவில் கிப்டன் என்ற ஊரருகே இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. ஒருவருடைய கடியாரம் நான்கு நிமிஷம் நின்று மறுபடி ஓடத் தொடங்கியதை அவர் அறியவில்லை. பலர் மாண்டார்கள். அதன் பிறகு அங்கே ரயில் ஊழியரின் கடியாரம் வாரத்திற்கு முப்பது விநாடிக்கு மேல் தவறக் கூடாது என்று விதித்தார்கள். ரயில் ஊழியனுக்குக் கடியாரம் நகையாக இருக்கவில்லை. பிறர் உயிரை ஒப்படைத்த பெட்டியாக இருந்தது.

1941-ல், யுத்த காலத்தில், அந்தச் சின்ன ரயில் நின்று போயிற்று. கொள்ளுத் தாத்தா ஊர் திரும்பி நிலத்தை உழுதார். கடியாரம் பெட்டிக்குள் போயிற்று. சட்டைப்பைக் கடியாரத்தின் காலமும் அதற்கு முன்பே மலையேறிக்கொண்டிருந்தது. முதல் உலக யுத்தத்தில் சிப்பாய்கள் மணிக்கட்டில் கட்டிப் பழகியபின், பையிலிருந்து எடுத்துப் பார்க்க யாருக்குப் பொறுமை இருந்தது?

கடியாரமும் சுதேசியும்

1925-ல் காந்திஜி "யங் இந்தியா"வில் ஒரு விஷயத்தை ஒளிவு மறைவில்லாமல் எழுதினார். ஸ்விட்ஜர்லாந்திலிருந்து தாம் கடியாரம் வாங்குவதாகவும், ஆனால் அயல் நாட்டுத் துணியில் ஓர் அங்குலங்கூட வாங்கப் போவதில்லை என்றும் சொன்னார். காரணம் தெளிவானது. அயல் துணி நம் நெசவாளியின் வாயிலிருந்த கவளத்தைப் பறித்தது. கடியாரம் யார் கவளத்தையும் பறிக்கவில்லை. ஏனெனில் இங்கே கடியாரம் செய்கிறவனே இல்லை.

இல்லை என்ற அந்தக் குறை தீரச் சுதந்திரம் வேண்டியிருந்தது. 1961-ல் பெங்களூரில், ஜப்பானின் சிடிசன் கம்பெனியுடைய துணையோடு, சர்க்காரின் எச்.எம்.டி. நிறுவனம் கைக்கடியாரம் செய்யத் தொடங்கியது. கலியாண மாப்பிள்ளைக்கும், எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பிள்ளைக்கும் எச்.எம்.டி. கடியாரம் என்பது ஒரு தலைமுறையின் வழக்கமாயிற்று.

அடுத்த படி நம் மண்ணிலேயே நடந்தது. 1984-ல் தமிழ்நாட்டு அரசின் டிட்கோ நிறுவனமும் டாடாக்களும் கூட்டாகக் கடியாரக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார்கள். டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு என்னும் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கோத்து "டைட்டன்" என்று பெயர் வந்தது. ஆலைக்குத் தேர்ந்த ஊர் ஓசூர். இன்று ஓசூர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. 2004-ல்தான் அந்த மாவட்டம் பிரிந்தது. ஆலை எழுந்தபோது அது நம் தருமபுரி மாவட்டம்.

நம்மைப்போன்ற உபாத்தியாயர்கள் இதில் மனம் நெகிழ ஒரு காரணம் உண்டு. செர்க்சிஸ் தேசாய் தலைமையில் அந்த ஆலையை அமைத்தவர்கள், பெரிய நகரங்களிலிருந்து ஆட்களை வரவழைக்காமல், சுற்றுவட்டாரத்துப் பள்ளிக்கூடங்களில் படிப்பு முடித்த பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். தகப்பன் கையில் ஏர். பிள்ளை கையில் இடுக்கி. தொழில்நுட்பம் பிரான்ஸ் எபோஷ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியிடமிருந்து வந்தது. கொள்ளுத் தாத்தாவின் கடியார மூடியில் யாராலும் படிக்க முடியாமல் கிடந்த அந்தப் பாஷையின் வித்தையை, அவர் வேலை பார்த்த ரயில் பாதையின் கடைசி ஊரில், அவருடைய பேரன் வயதுப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். கிராமப் பெண்கள் "மீடோ" என்ற பெயரில் தாங்களே ஒரு நிறுவனமாகச் சேர்ந்து, கடியாரப் பட்டைகளைக் கோக்கும் வேலையை எடுத்துச் செய்தார்கள். 2002-ல் ஓசூர்க்காரர்கள் மொத்தமே மூன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கைக்கடியாரத்தைச் செய்து வெளியிட்டார்கள். அதன் உள் யந்திரத்தின் தடிமன் 1.15 மில்லிமீட்டர்.

ஜூரா மலையில் பனி செய்த காரியத்தை, ஓசூரில் ஓர் ஆலையும் பள்ளிக்கூடமும் சேர்ந்து செய்தன என்று நாம் சொன்னால், அது வெறும் ஊர்ப் பெருமை ஆகாது.

வெற்றியின் விலை

ஆனால், நேயர்களே, இந்தக் கதைக்கு இன்னொரு முனை உண்டு.

1969-ல் டோக்கியோவில் செய்கோ கம்பெனி குவார்ட்ஸ் கைக்கடியாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் பாலன்ஸ் சக்கரம் இல்லை, நங்கூரம் இல்லை. இன்றைய குவார்ட்ஸ் கடியாரங்களில் ஒரு சிறு பளிங்கு துண்டு மின்சாரத்தால் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று மிஞ்சும். அதுதான் ஒரு விநாடி. இந்தப் புதுமையால் ஸ்விட்ஜர்லாந்திலேயே கடியாரத் தொழிலாளர் தொகை, 1970-ல் இருந்த ஏறத்தாழ தொண்ணூறாயிரத்திலிருந்து பதினைந்தே வருஷத்தில் மூன்றிலொரு பங்காய்க் குறைந்தது. ஓசூர் ஆலை தொடக்கம் முதலே குவார்ட்ஸ் வழியைப் பெரிதாகப் பிடித்ததால் பிழைத்தது, வளர்ந்தது. சாவி கொடுக்கும் கடியாரங்களால் புகழ்பெற்ற எச்.எம்.டி.யின் கடியாரப் பகுதியை மூட 2016-ல் மத்திய சர்க்கார் முடிவு செய்தது.

பாயின் கடை காலியானதும் இதனால்தான். குவார்ட்ஸ் கடியாரம் நின்றால் பாட்டரி மாற்றுவார்கள்; அதற்கும் ஓடாவிட்டால் எறிந்துவிடுவார்கள். இப்பொழுதோ மணி பார்க்கக் கைபேசி போதும். நம் கடைத்தெருவில் ஒரு காலத்தில் இப்படி ஐந்து கடைகள் இருந்தன என்று பாய் கணக்குச் சொல்கிறார். இன்று அவர் ஒருவர். அவருடைய பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். அவரிடம் வேலை கற்க ஒருவரும் வருவதில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் கடியாரம் செய்யக் கற்றார்கள். நம் ஊர்க் கிழவரின் கையில் இருந்த வித்தை யாருக்கும் வேண்டாததாயிற்று. இரண்டும் ஒரே தலைமுறையில் நடந்தன.

யோசித்துப் பாருங்கள். ஜூரா மலையில் ஒரு குடியானவன் அராவிய சக்கரம், நூறு வருஷத்துக்கு மேலாகியும் தருமபுரியில் உருவழியாமல் கிடக்கிறது என்றால் அது செய்தவனுடைய திறமை மட்டுமா? வழியில் அதைத் திறந்து, தூசி துடைத்து, தேய்ந்த ஊசியை மாற்றி, எண்ணெய் வைத்து மூடிய மூன்று பேருடைய திறமையும் அதில் இருக்கிறது. அவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. பள்ளிக்கூடத்துப் படிப்பும் இருந்திருக்காது. பெயரைக்கூட விட்டுச் செல்லவில்லை. ஒரு மீன், இரண்டு எழுத்து, ௧௯௩௧ என்ற ஓர் எண். சுதேசியில் செய்யக் கற்பது ஒரு பாதி. பேணக் கற்பது மறு பாதி. முதற் பாதியை ஓசூரில் வென்றோம். மறு பாதி நம் கண்ணெதிரே கடைத்தெருவில் போய்க்கொண்டிருக்கிறது.

வீட்டில் பழைய கடியாரம் வைத்திருக்கும் நேயர்களுக்கு, பாய் சொல்லச் சொல்லிய சில வார்த்தைகள்: நின்ற கடியாரத்தைத் தட்டி உலுக்கி ஓட்டப் பார்க்க வேண்டாம். தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட வேண்டாம். ஓடுகிற கடியாரமானால் தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுக்க வேண்டும். ஒலிபெருக்கி, கைபேசி முதலியவற்றிலுள்ள காந்தம் அதற்குச் சத்துரு. வெள்ளி மூடியைப் பளபளக்கத் தேய்த்தால் முத்திரையும் செதுக்கிய எழுத்தும் அழிந்துபோகும். முக்கியமாக, எடைக்குப் போடுவதற்கு முன் விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். வெள்ளி உருகும், உள்ளே இருக்கும் யந்திரத்தைக் குப்பையில் போடுவார்கள்.

நிற்க. நம் மாணவியின் கடியாரத்தில் பாலன்ஸ் சக்கரத்தின் ஊசி முறிந்திருந்தது. பாய் தம் டப்பாக்களில் தேடி, செத்துப்போன இன்னொரு கடியாரத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கடைந்து பொருத்தினார். இரண்டு வாரம் பிடித்தது. மாணவியும் அவளுடைய தகப்பனாரும் நம்மோடு வந்திருந்தார்கள். தகப்பனார் கடியாரத்தை வாங்கிக் காதருகே வைத்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "என் அப்பா இது ஓடிப் பார்த்ததில்லை என்பார்" என்றார் கடைசியில். எடைக்குப் போடுகிற பேச்சை அவர் அப்புறம் எடுக்கவில்லை. அந்த வருஷம் தக்காளி விலை அவருக்குக் கைகொடுக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். அவர் அதையும் சொல்லவில்லை.

"நாளைக்கு நாலு நிமிஷம் மெதுவாகப் போகும். வயதாயிற்று, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார் பாய், கூலியை எண்ணாமல் பெட்டியில் போட்டபடி.

"நீங்கள் கீறல் போடவில்லையா, தாத்தா?" என்று கேட்டாள் பெண்.

"எதற்குப் பாப்பா? இது மறுபடி ரிப்பேருக்கு வரும்போது நான் எங்கே இருக்கப் போகிறேன்?"

"அப்போது பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?"

பாய் சற்றுத் தயங்கினார். பிறகு பூதக் கண்ணாடியை மறுபடி கண்ணில் செருகிக்கொண்டு, ஊசியை எடுத்து, ௧௯௩௧-க்குக் கீழே சிறிய பிறை ஒன்றைக் கீறினார். பெண் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாதபோது வந்து உட்கார்ந்து பார்க்கலாமா என்று அவள் கேட்டாள்.

முக்காலி ஒன்றுதான் இருக்கிறது என்றார் பாய். நம் வீட்டில் பழைய முக்காலி ஒன்று சும்மா கிடந்தது. மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.